அரசாங்கக் கட்டைவிரல்

வெண்டல் கிராஸ் தன் ஆயுளில் ரொட்டியைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. அதுவும் பள்ளிக்கூடச் சமையலறையில், பிள்ளைகளுக்காக. அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் குலுக்கலில் துப்பாக்கி விழுந்தது.

அவர் ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் வேறு மாநிலம். நடுவே துருப்பிடித்த ஓர் இரும்புப் பாலம். பாலத்தைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், மதுக்கடை மூடும் நேரம் மாறும், துப்பாக்கியில் எது பாகம் எது பாவம் என்பதும் மாறும். அந்தப் பக்கத்துத் தீயணைப்புப் படையில் எல்லாரும் சம்பளமில்லாத தொண்டர்கள். வண்டிக்கு டயர் தேய்ந்தால் விருந்து வைத்துக் குலுக்கல் நடத்துவார்கள். முதல் பரிசு எப்போதும் துப்பாக்கி. இரண்டாம் பரிசு பாதிப் பன்றி. வெண்டலின் கண் பன்றி மேல்தான் இருந்தது. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் பெயரை ஒலிபெருக்கி முதல் பரிசுக்குக் கூப்பிட்டது. ஊரே கைதட்டியது. வேண்டாம் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது.

பரிசானாலும் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைக்கு வரவேண்டும். இந்தப் பக்கத்துக் கடைக்காரர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தோளில் வைத்து அழுத்துகிற மரப் பின்கட்டையில், பிடித்துக்கொள்ளும் இடத்தில், கட்டைவிரலை நுழைக்க ஓர் ஓட்டை இருந்தது.

"துப்பாக்கில ஒரு குறையும் இல்ல, சார். ஓட்டைதான் ஆகாது. நம்ம சட்டத்துல ஓட்டை தடை செஞ்ச பாகம்."

"ஓட்டை எப்படிங்க பாகமாகும்? அங்க ஒண்ணுமே இல்லையே?"

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் தடை பண்ணியிருக்காங்க."

கடைக்காரர் நல்லவர். ஓட்டையில்லாத பழைய பின்கட்டை ஒன்றைச் சும்மாவே மாட்டிக்கொடுத்தார். ஓட்டை உள்ளதை மளிகைப் பையில் போட்டு நீட்டினார். "இது தனியா இருந்தா வெறும் மரம். அது தனியா இருந்தா வெறும் துப்பாக்கி. ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா குற்றம்."

"எனக்கு இருக்கிறது ஒரு வீடுதானே?"

"நீங்க கேக்கல, நான் சொல்லல" என்று கடைக்காரர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெண்டல் துப்பாக்கியைப் பரணில் வைத்தார். பின்கட்டையைக் கார் கொட்டகையில், பனி தள்ளும் மண்வெட்டிகளுக்குப் பின்னால் வைத்தார். அதோடு அதை மறந்தும் போயிருப்பார். ஆனால் அடுத்த வாரம் மகள் டெஸ்ஸா இடது கையில் மாவுக்கட்டோடு வந்து வாசலில் நின்றாள்.

படியில் விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தாள். அம்மா ஆர்லீன் சூப்பை ஊட்டிவிட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. கையை முறுக்கி ஒடித்தவன் அவள் புருஷன் டுவைட். "இன்னொரு தடவை வீட்டை விட்டுப் போனா, உங்க அப்பன் வீட்டு வாசல்லயே வெச்சு முடிச்சிருவேன்" என்றும் சொல்லியிருந்தான். அவனிடம் ஓர் அலமாரி நிறையத் துப்பாக்கி இருந்தது.

டுவைட்டைப் பற்றி வெண்டலுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான வருஷம் நன்றி நாள் விருந்துக்கு வந்திருந்தான். வான்கோழியை வெட்டிப் பரிமாறும்போது ஆர்லீன், "அந்தக் கால் எங்க அண்ணனுக்கு, யாரும் தொடாதீங்க" என்றாள். அதுவரை சோளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தவன் எட்டி அந்தக் காலைப் பிய்த்தெடுத்து, ஆர்லீன் முகத்தைப் பார்த்தபடியே கடித்தான். பாதியைத் தட்டிலேயே போட்டான். அவனுக்குப் பசியே இல்லை. உனக்கில்லை என்று ஒரு பொருளைக் காட்டிச் சொன்னால் போதும், அது அவனுக்கு வேண்டும். டெஸ்ஸா அவனை விட்டு வந்த பிறகுதான் அவள் அவனுக்கு ரொம்ப வேண்டியவள் ஆனாள்.

ஷெரீஃபிடம் போனார் வெண்டல். "உங்க பொண்ணே படில விழுந்தேன்னு சொல்லியிருக்கே. அவன் துப்பாக்கி அவன் உரிமை" என்றார் ஷெரீஃப். நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். நீதிபதி மான் வேட்டைக்குப் போக வேண்டியிருந்ததால் விசாரணை, வேட்டைக் காலம் முடிந்த பிறகு என்று தள்ளிப்போனது. யாரோ ஒருவர், தலைநகரில் புதிதாக ஓர் அலுவலகம் திறந்திருக்கிறார்கள், துப்பாக்கி விஷயத்தில் புலி என்றார். வெண்டல் ஒரு பெட்டி டோனட் வாங்கிக்கொண்டு காரை எடுத்தார். வெறுங்கையோடு யாரையும் பார்க்கப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

துப்பாக்கிப் பாகங்கள் ஆணையம் பளிங்குக் கட்டடத்தில் இருந்தது. ஆணையர் லியோபோல்ட் விட்காம் வழுக்கைத் தலையும் கழுத்தில் வில் வடிவ டையுமாக வந்து கைகுலுக்கினார். பக்கத்தில் துணை ஆணையர் ஒடெட் கார்வர் அம்மையார், மடியில் வெல்வெட் உறை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெண்டல் டெஸ்ஸாவின் கையைப் பற்றிச் சொன்னார். அவன் மிரட்டியதைச் சொன்னார். விட்காம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரொம்ப வருத்தமான விஷயம். இப்ப சொல்லுங்க, அவன்கிட்ட என்ன பாகம் இருக்கு?"

"பாகமா? துப்பாக்கி இருக்குங்க. நிறைய."

"துப்பாக்கி இருக்கட்டும். அது உரிமை. அதுல கை வைக்க எங்களுக்கு அதிகாரமும் இல்ல, ஆசையும் இல்ல. அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற பாகம் எதுன்னு கேக்கறேன். நீளக் குண்டுக்கூடு? முன்கைப்பிடி? ஓட்டை?"

"எல்லாம் சாதாரண மான் துப்பாக்கிங்க. ஆனா அந்த ஆள்தாங்க ஆபத்து."

விட்காம் பெருமூச்சு விட்டார். "மனுஷன் பாகம் இல்லையே, மிஸ்டர் கிராஸ். மனுஷனை நாங்க எதுல சேக்கறது? சட்டசபைல இதுக்கு ரெண்டு கட்சியும் வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் துப்பாக்கியைத் தொடாதேன்னாங்க, இன்னொருத்தர் எதையாவது தொட்டே ஆகணும்னாங்க. கடைசியில ரெண்டு பேரும் கைகொடுத்துக்கிட்ட இடம் ஓட்டை. அதுக்கு மட்டும் யாரும் பரிஞ்சு பேச வரல."

"அதனால பலன் இருக்குங்களா?"

"பலனா!" விட்காம் எழுந்தே விட்டார். "இந்த ஆணையம் வந்த நாள்லேர்ந்து இந்த மாநிலத்துல ஒரு கொலைகாரனும் கட்டைவிரலை ஓட்டைக்குள்ள விட்டுக்கிட்டுச் சுடல. சுட்டவங்க அத்தனை பேரும் விரலை வெளிய வெச்சுக்கிட்டுத்தான் சுட்டாங்க. இதுக்கு மேல என்ன பலன் வேணும்?"

வெண்டலுக்குத் தலை சுற்றியது. ஓட்டை ஓட்டை என்று கேட்டதும் நினைவுக்கு வந்ததை, பிறவியிலேயே பொய் வராத மனிதர், வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"ஓட்டைன்னா எங்க வீட்டுல ஒண்ணு இருக்குங்க."

எழுந்து நின்ற விட்காம் மெல்ல உட்கார்ந்தார். கார்வர் வெல்வெட் உறையைத் திறந்தார். உள்ளே மரத்தில் கடைந்து மெருகேற்றிய ஒரு கட்டைவிரல். நகம்கூடச் செதுக்கியிருந்தது.

"இது மாநிலத்தோட மாதிரிக் கட்டைவிரல்" என்றார் கார்வர், குரலைத் தாழ்த்தி. "சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டரோட விரலை அச்சு எடுத்துச் செஞ்சது. இது எதுக்குள்ள போகுதோ அது ஓட்டை. போகலைன்னா வெறும் பள்ளம்." சொன்னவர், சும்மா பயிற்சிக்காகவோ என்னவோ, வெண்டல் கொண்டுவந்த டோனட் ஒன்றுக்குள் அதை விட்டுப் பார்த்தார். விரல் போனது. கார்வர் அந்த டோனட்டைத் தனியாக எடுத்து வைத்தார்.

மறுநாளே ஆணையம் வெண்டல் வீட்டுக்கு வந்துவிட்டது. ஷெரீஃப் வர யோசித்த வீட்டுக்கு மூன்று வண்டி. பின்கட்டைக்குள் மாதிரி விரல் வழுக்கிக்கொண்டு போனதும் கார்வர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வீட்டிலுள்ள மற்ற ஓட்டைகளையும் பார்த்துவிடுவது நல்லது என்று கத்தரிக்கோல், காபிக் கோப்பையின் காது, இஸ்திரிப் பெட்டியின் பிடி என்று எல்லாவற்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். டெஸ்ஸாவின் மாவுக்கட்டில் அவள் கட்டைவிரல் வெளியே வர ஓர் இடைவெளி இருந்தது. அதிலும் விட்டுப் பார்க்க வந்தார்.

"அதுல ஏற்கெனவே ஒரு விரல் இருக்கு, மேடம். என்னோடது" என்றாள் டெஸ்ஸா.

"இருப்பதாகக் குறிச்சுக்கறேன்" என்றார் கார்வர்.

"இதை எடுத்துட்டுப் போயிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஆர்லீன் பின்கட்டையை அவர்கள் பக்கம் தள்ளினாள்.

விட்காம் இரண்டடி பின்வாங்கினார். "ஐயோ, மரம் உங்க சொத்து. சொத்தை எடுத்தா அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுக்கணும். எங்களுக்கு ஓட்டை மட்டும் போதும்."

"மரத்தை விட்டுட்டு ஓட்டையை மட்டும் எப்படி எடுக்கறது?"

"முடிஞ்சவரைக்கும் மரம் ஒட்டாமப் பாத்துக்குங்க."

ஒப்படைக்கும் நாள் வரை வெண்டல் அந்த ஓட்டையை வைத்திருந்தால் குற்றம். தூக்கிப் போட்டாலும் குற்றம். ஆகவே அவரைத் தற்காலிக ஓட்டைக் காப்பாளராக நியமித்து, மஞ்சள் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். தூங்கும்போதும் கழற்றக் கூடாது. வேறு யாராவது அதைக் கையில் எடுத்தால் அந்த ஆளின் கதை முடிந்தது என்று கார்வர் வாசல்வரை வந்து எச்சரித்தார்.

"கையில எடுத்தாலே போதுமா?"

"போதும். அந்த ஆள்கிட்ட துப்பாக்கியும் இருந்தா இன்னும் மோசம். அவனோட மொத்தத் துப்பாக்கியையும் அள்ளிடுவோம். பிணைகூடக் கிடையாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதாங்க." உண்மையிலேயே சும்மாதான் கேட்டார்.

பிறகு வெண்டல் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஓட்டையைச் சுற்றி அறுத்தார். அறுத்து முடித்தபோது கையில் டோனட் அளவில் ஒரு மர வளையம். மீதிக் கட்டையில் ஒரு பெரிய வாய் பிளந்திருந்தது. அதில் கட்டைவிரல் என்ன, முழங்கையே போகும். ஆனால் ஒரு பக்கம் திறந்துவிட்டதால் அது ஓட்டை இல்லையாம், வளைவாம். ஆணையத்தைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு பெண் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஜன்னலருகே ஓடிக்கொண்டிருக்கிற வீட்டில், தகப்பன் கழுத்தில் மஞ்சள் அட்டையோடு உட்கார்ந்து ஓட்டையைக் காவல் காத்தார். அவருக்கே தன்னை நினைத்து அழுகை வந்தது.

ஒப்படைக்கும் நாளாக ஆணையம் மான் வேட்டையின் முதல் நாளைக் குறித்திருந்தது. அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. எப்போதும் அப்படித்தான், பிள்ளைகளும் வாத்தியார்களும் காட்டில் இருப்பார்கள். வெண்டல் வீட்டு முற்றத்தில் கொடி நட்டார்கள். புகைப்படக்காரர் வந்தார். நீல வெல்வெட் விரித்த பெட்டி ஒன்று மேஜை மேல் காத்திருந்தது. ஆணையத்தின் காவலர்கள் இரண்டு பேர் விறைப்பாக நின்றார்கள். வெண்டல் வளையத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி வாசல்படியில் நின்றார். டெஸ்ஸாவும் ஆர்லீனும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.

"இன்று ஒரு சாதாரணக் குடிமகன்..." என்று விட்காம் ஆரம்பித்தார். அப்போது சாலையில் ஒரு லாரி வந்து சடாரென்று திரும்பி முற்றத்துப் புல்லில் ஏறி நின்றது.

டுவைட் இறங்கினான். வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு மேல்சட்டை. இடது கையில் துப்பாக்கி. ஊரெல்லாம் அன்று துப்பாக்கியோடு திரிந்ததால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன பெருசு, கூட்டம் சேத்து வெச்சிருக்க? எங்க அவ? கூப்பிடு. இன்னைக்கு ஒரு முடிவு கட்டிட்டுத்தான் போவேன்."

கண்ணாடிக்குப் பின்னால் டெஸ்ஸாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வெண்டல் விட்காம் பக்கம் திரும்பினார். "ஐயா, இவன்தான். நான் சொன்னேனே. கேட்டீங்களா என்ன சொன்னான்னு?"

"கேட்டேன்" என்றார் விட்காம் அமைதியாக. "அது பேச்சு. பேச்சும் உரிமைதான். தம்பி, ஒரு நிமிஷம் அந்தத் துப்பாக்கியைக் காட்டறீங்களா?"

டுவைட் திகைத்துப்போய் நீட்டினான். கார்வர் மாதிரி விரலை எடுத்து இங்கே அழுத்தினார், அங்கே அழுத்தினார். எங்கேயும் போகவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "ஒரு பாகம்கூடத் தப்பு இல்ல. எல்லாரும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது." துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, அவன் மேல்சட்டையில் பாகச் சுத்தம் என்று எழுதிய ஒரு பச்சை ஒட்டுச்சீட்டையும் ஒட்டிவிட்டார். புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். டுவைட் பல்லைக் காட்டினான். காட்டிக்கொண்டே வாசல்படியை நோக்கி நடந்தான்.

மூன்று வண்டி அதிகாரிகள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

வெண்டல் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். மகளை இப்போது விட்டால் அவ்வளவுதான் என்று தெரிந்தது. கையில் ஆயுதம் ஒன்றுமில்லை, அந்த மர வளையத்தைத் தவிர. அதைப் பார்த்தார். ஏனோ அவருக்கு வான்கோழிக் கால் ஞாபகம் வந்தது. கார்வர் வாசலில் நின்று சொன்னதும் கூடவே வந்தது.

வளையத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "டுவைட், என்னை என்ன வேணா பண்ணு. இதை மட்டும் தொட்டுடாதே. இது உனக்கில்ல."

டுவைட் நின்றான். "என்னது அது?"

"உனக்கு எதுக்கு? இது இவங்களுக்காக வெச்சிருக்கு. பெரிய மனுஷங்க சமாசாரம். உனக்குத் தரமாட்டேன்."

"எனக்குத் தரமாட்டியா? நீ?" டுவைட் படியேறி வந்து ஒரே இழுப்பில் பிடுங்கினான். புரட்டிப் பார்த்தான். அந்த அளவில் ஓர் ஓட்டையைக் கண்டால் எந்த மனிதனும் செய்வதைத்தான் செய்தான். கட்டைவிரலை உள்ளே விட்டான். விட்டு, கையை வெண்டலின் மூக்குக்கு நேரே ஆட்டினான். "இதுக்கா இவ்வளவு பதற்றம்? இப்ப யார்கிட்ட இருக்கு, சொல்லு? இது யாரோடது, சொல்லு!"

"உன்னோடதுதான்" என்றார் வெண்டல், எல்லாருக்கும் கேட்கும்படி.

கார்வரின் அலறல் பக்கத்துப் பண்ணைவரை கேட்டது. "ஓட்டை! துப்பாக்கி! ஒரே ஆள்!" காவலர்கள் இரண்டு பேரும் பாய்ந்தார்கள். விட்காம் மேஜைக்கு அடியில் போய்விட்டார். ஆணையம் வந்த நாளிலிருந்து அவர் கண்ணால் பார்க்கிற முதல் குற்றம் அது. டுவைட்டைப் புல்லில் குப்புறப் போட்டுக் கைவிலங்கு மாட்டினார்கள். வளையம் மட்டும் விரலை விட்டு வரமாட்டேன் என்றது. சாட்சியப் பொருளை இழுக்கக் கூடாது என்று கார்வர் தடுத்துவிட்டதால், அந்தக் கையை வளையத்தோடு நீல வெல்வெட் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அவனோடு சேர்த்து வண்டியில் ஏற்றினார்கள்.

"என்னடா பண்ணேன் நான்? ஒரு மரக்கட்டைடா! மாமா, சொல்லுங்க மாமா!" என்று கத்தினான் டுவைட். அவன் வெண்டலை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரத்தில் அவன் வீட்டு அலமாரியும் காலியானது.

விட்காம் மேல்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து வெண்டலின் இரண்டு கைகளையும் பற்றினார். கழுத்திலிருந்த மஞ்சள் அட்டையை மரியாதையோடு கழற்றினார். "எப்பேர்ப்பட்ட ஆபத்தானவன்! பாத்தா தெரியவே இல்ல பாருங்க. நாங்க இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?"

கதவைத் திறந்துகொண்டு டெஸ்ஸா வெளியே வந்தாள். "எவ்வளவு நாள் உள்ள வெப்பீங்க?"

"துப்பாக்கியோட ஓட்டை. குறைஞ்சது அஞ்சு வருஷம்மா."

அவள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு?"

விட்காம் அந்தக் கையை இரக்கத்தோடுதான் பார்த்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. "முதல் தடவைன்னா கண்டிச்சு விட்டிருப்பாங்க. நீ கவலைப்படாதே. நம்ம வழக்குல உன் கை எங்கயும் வராது."

வண்டிகள் போய்விட்டன. கொடி நட்ட இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. ஆர்லீன் உள்ளே போய்க் காபி போட்டாள். தகப்பனும் மகளும் படியில் உட்கார்ந்தார்கள். அன்றுதான் முதல் தடவையாக, சாலையில் ஒரு வண்டி போனபோது டெஸ்ஸா திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, அந்தத் தீயணைப்புக்காரங்க குலுக்கல் அடுத்து எப்ப?"

"வசந்த காலத்துல. ஏன்?"

"அஞ்சு வருஷம் கழிச்சு அவன் வருவான்ல" என்றாள். "எனக்கும் ஒரு சீட்டு வாங்குங்க."